ஒரே துப்பாக்கியை நானும் மனைவியும் மாற்றி மாற்றி எடுத்துச் செல்லலாமா? (டெக்சஸ்)

ப்ளேனோவாசி

வணக்கம். டாலஸுக்கு வடக்கே ப்ளேனோவில் இருக்கிறோம். இருவருக்கும் கிரீன் கார்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. என்னிடம் ஒரு க்ளாக் 19 கைத்துப்பாக்கி இருக்கிறது. கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான எல்டிசி உரிமமும் எடுத்திருக்கிறேன். வெளியே போகும்போது சட்டைக்குள் இடுப்பில் வைத்துக்கொள்வேன்.

மனைவி மருத்துவமனையில் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள், இரவு 7 முதல் காலை 7 வரை ஷிஃப்ட். போன மாதம் அவரோடு வேலை செய்யும் ஒரு பெண்ணை, கார் நிறுத்துமிடத்தில் யாரோ கடைசி வரை பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றிலிருந்து இவருக்குப் பயம். நான் மாலை 6 மணிக்கு வீட்டுக்கு வருவேன், அவர் 6.20க்குக் கிளம்புவார். என் துப்பாக்கியையே அந்த நேரத்தில் அவரிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. இரவில் நானும் பையனும் வீட்டில்தானே இருக்கிறோம். இன்னொரு துப்பாக்கி, ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), வகுப்பு எல்லாம் சேர்த்தால் ஆயிரம் டாலரை நெருங்கும்.

சட்டப்படி சரியா? இப்படிப் பகிர்ந்துகொள்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பையனுக்கு ஆறு வயது.

கேட்டி_ஹூஸ்டன்

சட்டத்தை மட்டும் சொல்கிறேன். டெக்சஸில் துப்பாக்கியை உங்கள் பெயரில் பதிவு செய்யும் முறையே கிடையாது. உரிமம் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. எல்டிசி அட்டையில் எந்த மாடல், என்ன நம்பர் என்று எதுவும் இருக்காது. திருமணத்துக்குப் பிறகு வாங்கிய பொருள் பொதுவாக இருவருக்கும் சொந்தம் என்பதுதான் இந்த மாநிலத்தின் சொத்துச் சட்டமும். ஆகவே அவர் எடுத்துச் செல்வதில் தவறில்லை. 2021 செப்டம்பர் முதல், தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்.

இருந்தாலும் அவரும் எல்டிசி எடுப்பதுதான் நல்லது. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. அந்தந்த மாநிலமே உரிமம் கொடுத்தவருக்கு அதில் விலக்கு உண்டு, உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்பவருக்கு அந்த விலக்கு இல்லை. ப்ளேனோவில் பள்ளியைத் தாண்டாமல் எந்த ரோட்டில் போக முடியும்? கட்டணம் 40 டாலர், ஒரு நாள் வகுப்பு, ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். உங்கள் அட்டை அவருக்குச் செல்லாது.

இர்விங்_புதுசு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சிட்டிசன், மனைவி இன்னும் எச்1பி விசாவில்தான் இருக்கிறார். இதே மாதிரி நாங்கள் செய்யலாமா?

கேட்டி_ஹூஸ்டன்

தம்பி, கூடவே கூடாது. எச்1பி, எச்4, எஃப்1 என எந்தத் தற்காலிக விசாவில் வந்தவரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க மத்தியச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கு இது தெரியவே தெரியாது. டெக்சஸ்தானே, எல்லாருக்கும் அனுமதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கையில் எடுத்தால்தான் குற்றம் என்பதும் இல்லை. சேஃப் நம்பர் அவருக்குத் தெரியும், நினைத்தால் எடுக்கலாம் என்றால், துப்பாக்கி அவர் வசமும் இருந்தது என்று அரசுத் தரப்பு வாதாட இடம் இருக்கிறது. துப்பாக்கிக் குற்றத்துக்கு நாடு கடத்தவே முடியும். பத்து வருடம் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் இதில் போய் விழக்கூடாது. உங்கள் சேஃப் நம்பரை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தோட்டா வாங்கி வரச் சொல்லாதீர்கள்.

பஃபலோ_பனி

படிக்கிறவர்கள் எல்லோரும் டெக்சஸில் இல்லை என்பதால் ஒரு வார்த்தை. நியூயார்க்கில் இது நேர்மாறு. கைத்துப்பாக்கி உரிமத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் மாடலும் சீரியல் நம்பரும் ஏறும். என் உரிமத்தில் உள்ளதை மனைவி தொட வேண்டும் என்றால் அவருக்குத் தனி உரிமம் வேண்டும், அதிலும் அதே துப்பாக்கி ஏற வேண்டும். 2022க்குப் பிறகு மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி. வீட்டில் 18 வயதுக்குக் குறைந்தவர் இருந்தால் பூட்டித்தான் வைக்க வேண்டும். டெக்சஸ் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு இங்கே யாரும் செய்துவிடாதீர்கள்.

ரவுண்ட்ராக்_அக்கா

ப்ளேனோவாசி தம்பி, நான் ஆஸ்டின் பக்கம் பதினொரு வருடமாகப் பெண்களுக்குத் துப்பாக்கி வகுப்பு எடுக்கிறேன். கணவனின் துப்பாக்கியோடு வகுப்புக்கு வரும் பெண்கள் பாதிப் பேர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சட்டம் சரி என்பதால் பழக்கம் சரியாகிவிடாது. பகிர்ந்துகொள்ளும் துப்பாக்கியில் முதல் சிக்கல், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது இருவரில் ஒருவருக்கு எப்போதும் நிச்சயமாகத் தெரியாது என்பதுதான். சேம்பரில், அதாவது சுடத் தயாராகக் குழாயின் பின்முனையில், தோட்டா இருக்கிறதா? தோட்டாக்களை அடுக்கும் மேகசின் முழுசா? நேற்று ரேஞ்சுக்கு எடுத்துப் போனவர் பயிற்சித் தோட்டாவை மாற்றினாரா? ஒரே ஆள் புழங்கும் துப்பாக்கியில் இதெல்லாம் அவர் கையின் பழக்கத்திலேயே இருக்கும். இரண்டு பேர் என்றால் 'நீ பார்த்திருப்பாய்' என்று இவரும் 'அவர் பார்த்திருப்பார்' என்று அவரும் இருப்பார்கள். துப்பாக்கி எப்போதும் நிரம்பித்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள் என்பதுதான் முதல் பாடம். தினமும் மாலை அவசரமாகக் கை மாறும் இடத்தில் முதலில் தேய்வதும் அந்தப் பாடம்தான்.

சரி, கை மாற்றும்போதெல்லாம் காலி செய்து காட்டிவிட்டுக் கொடுக்கிறோம் என்பீர்கள். அதிலும் ஒரு கோளாறு. அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றினால், முனை ஒவ்வொரு முறையும் இடித்து இடித்து மெல்ல உள்ளே அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் கூடும். வகுப்பில் ஒரு பெண் கொண்டு வந்த தோட்டாவைப் புதிய தோட்டாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன், குட்டையாகிவிட்டது கண்ணுக்கே தெரிந்தது. ஆகவே பகிர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் ட்ரிகர் மூடிய கெட்டி ஹோல்ஸ்டரோடு, அதை உருவாமல், அப்படியே மாற்ற வேண்டும். சேஃபில் வைப்பதும் ஹோல்ஸ்டரோடுதான்.

அங்கேதான் அடுத்த தொல்லை. உங்கள் ஹோல்ஸ்டர் உங்கள் பெல்ட்டுக்கு ஆனது. அவர் என்ன உடுத்துகிறார்? நர்ஸ் உடையில் நாடாவோ எலாஸ்டிக்கோதான் இருக்கும், சுடிதாரிலும் அப்படித்தான். அது க்ளாக் 19 கனத்தைத் தாங்காது. இடுப்பில் தனியாகக் கட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது, அது அவர் உடம்புக்கு அளந்து சரி செய்வது, உங்களோடு மாற்றிக்கொள்ள முடியாது. கடைசியில் என்ன செய்வார்கள் என்றால் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.

கைப்பை வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். 2014 டிசம்பர் 30ஆம் தேதி ஐடாஹோவில் ஹேடன் என்ற ஊர் வால்மார்ட்டில், ஒரு தாயின் பையிலிருந்து அவருடைய இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே செய்த பை அது, கணவர் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது. அந்தத் தாய் அனுபவம் இல்லாதவரும் இல்லை. உங்களுக்கு ஆறு வயதுப் பையன் இருக்கிறான், அம்மாவின் பையில் மிட்டாய் தேடுகிற வயசு.

கை அளவையும் பாருங்கள். க்ளாக்கில் நான்காம் தலைமுறையிலிருந்து பின்புறத் துண்டை மாற்றிப் பிடியின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் தினமும் இரண்டு முறை கழற்றி மாட்ட முடியுமா? உங்கள் அளவில் விட்டால் அவர் விரல் ட்ரிகருக்குச் சரியாக எட்டாது, பிடியைத் திருகிப் பிடிப்பார், குறி ஒதுங்கும். ஸ்லைடை, அதாவது தோட்டா ஏற்ற இழுக்கும் மேல்பகுதியை, இழுக்க முடியவில்லை என்று பல பெண்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது பலம் இல்லாததால் அல்ல, முறை தெரியாததால். துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, இடது கை முழுவதும் ஸ்லைடின் மேல் கவிந்து பிடிக்க, வலது கையால் முன்னே தள்ள வேண்டும். குழாய் முன்னால் பாதுகாப்பான திசையில் இருக்க வேண்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. அப்படியும் முடியாதவர்களுக்கு ஸ்லைடு லேசாக இருக்கும் துப்பாக்கிகளை ஸ்மித் அண்ட் வெஸன் 'ஷீல்டு ஈசி' என்ற பெயரில் விற்கிறது. அவர் கையில் நான்கைந்தைப் பிடித்துப் பார்க்கட்டும்.

அவருக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை, தம்பி. கேட்டீர்களா?

சிகாகோ_எமர்ஜென்சி

நானும் நர்ஸ்தான், எமர்ஜென்சியில் பதினான்கு வருடம். துப்பாக்கியே வேண்டாம் என்பவள் நான். இங்கே பேசுகிறவர்களை மதித்துத்தான் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரை லட்சக்கணக்கானவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. தான் துப்பாக்கி வைத்திருக்காமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் விகிதம், துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். வாழ்க்கைத் துணையால் சுடப்பட்டு இறப்பது ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உங்கள் வீட்டில் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. வாசலில் இருக்கும் அந்நியனை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள் என்கிறேன். இரவு ஷிஃப்ட் செய்பவளின் மனசு எனக்குத் தெரியும். சரியாகத் தூங்காத வாரங்களில் நான் நானாக இருப்பதில்லை. அந்த வாரங்களில் என் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாதது நல்லது என்றே நினைக்கிறேன்.

கேட்டி_ஹூஸ்டன்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அவர் மருத்துவமனைக்குள் எடுத்துப் போக முடியாது. வாசலில் பெரும்பாலும் துப்பாக்கி கூடாது என்னும் 30.06 அறிவிப்பு இருக்கும், இருந்தால் உரிமம் இருப்பவருக்கும் தடை. வேலை செய்யும் இடத்தின் விதியும் அப்படித்தான் இருக்கும். 2011இல் வந்த டெக்சஸ் சட்டம், பூட்டிய சொந்தக் காருக்குள் வைத்திருப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்கிறது. அதாவது துப்பாக்கி காரோடு நின்றுவிடும்.

ப்ளேனோவாசி

அப்படியென்றால் காரிலிருந்து மருத்துவமனை வாசல் வரை அவர் கையில் அது இருக்காது. நான் இதை யோசிக்கவே இல்லை. அவர் பயப்படுவதே அந்த நடைக்குத்தான்.

கேட்டி_ஹூஸ்டன்

ஆமாம். மேலும் பன்னிரண்டு மணி நேரம் திறந்தவெளியில் நிற்கும் காரில் இருக்கும். கேபிளால் கட்டிய பெட்டி வாங்கினாலும் காரில் துப்பாக்கி வைத்துப் போவது திருடனுக்கு வைத்துப் போவதுதான். அவருக்கென்று தனியாக ஒன்று வாங்குவதானால், உங்கள் பணத்தில் பரிசாக வாங்கித் தரச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அவர் பணத்தில் அவருக்காக நீங்கள் போய் 'நான்தான் வாங்குகிறேன்' என்று கடையில் நிரப்பும் படிவம் 4473இல் எழுதினால் அது பொய். 2014இல் அப்ரம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது, வாங்கியவருக்கும் பெற்றவருக்கும் வைத்திருக்கும் தகுதி இருந்தும்கூட. தேவை என்றால் அவரே கடைக்குப் போகட்டும்.

ப்ளேனோவாசி

இது அவர் மனைவி எழுதுகிறேன். நேற்று இரவு இந்த இழையைக் காட்டினார். எல்லோரும் என் கையையும் என் உடையையும் பற்றி அக்கறையாகப் பேசியிருக்கிறீர்கள், நன்றி. அக்கா கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். என்னைக் கேட்கவில்லை.

அவர் எழுதாத ஒன்று இருக்கிறது. போன ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பிடி என் கைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார் என்று இவர் துப்பாக்கியைக் கொடுத்தார். காலிதான் என்றார். என் அப்பா ராணுவத்தில் இருந்தவர், எங்களுக்கு வேலூர் பக்கம். யார் என்ன சொல்லித் துப்பாக்கியைத் தந்தாலும், கையில் வாங்கியதும் முதலில் நீ பார் என்பது அவர் பழக்கம். அந்தப் பழக்கத்தில் நான் ஸ்லைடை இழுத்தேன். ஒரு தோட்டா துள்ளித் தரையில் விழுந்து மேஜைக்கடியில் உருண்டது. பையன் குனிந்து எடுத்து என்னிடம் கொடுத்தான்.

நான் இவரைத் திட்டவில்லை. எனக்கு வார்த்தையே வரவில்லை. அன்று இரவு வேலைக்குப் போய் மருந்து அளக்கும்போது என் கை நடுங்கியது. ஒருவர் மட்டும் புழங்கும்போதே இப்படி என்றால், தினமும் 6 மணிக்கும் 6.20க்கும் நடுவில், அவர் களைப்பில் கொடுக்க நான் அவசரத்தில் வாங்க, என்ன ஆகும்? பார்க்கிங் லாட்டைவிட அந்த இருபது நிமிடம்தான் இப்போது எனக்குப் பயம்.

ரவுண்ட்ராக்_அக்கா

அம்மா, உங்கள் அப்பா நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் கணவருக்கு: நீங்கள் செய்தது எதுவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வருடத்துக்கு நாலு பேர் என் கண் முன்னாலேயே செய்கிறார்கள். முதலில் ஸ்லைடை இழுத்தீர்கள், தோட்டா வெளியே வந்தது, அதன்பிறகு மேகசினைக் கழற்றினீர்கள். நடுவில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிட்டது. முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, பிறகு ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, கண்ணால் பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். வரிசை மாறவே கூடாது. துப்பாக்கி காலி என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது, திறந்து காட்ட மட்டும்தான் உரிமை. சாப்பாட்டு மேஜைக்கு அது வரவே கூடாது.

அம்மாவுக்கு: அந்தப் பார்க்கிங் நடைக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று உங்கள் மருத்துவமனைப் பாதுகாப்பு மேசையில் கேட்டீர்களா? பெரிய மருத்துவமனைகளில் கூப்பிட்டால் கார் வரை ஒருவர் கூட வருவார். வெட்கப்படாமல் கேளுங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன மிளகு ஸ்ப்ரே டெக்சஸில் சட்டப்படி சரி. உள்ளே எடுத்துப் போகலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் வகுப்புக்கு வாருங்கள். கணவரோடு வேண்டாம், தனியாக. கணவன் பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டிருந்தால் பெண்கள் கற்றுக்கொள்வதில்லை, இத்தனை வருடத்தில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சிகாகோ_எமர்ஜென்சி

நாங்கள் மூன்று பேர் சேர்ந்துதான் பார்க்கிங்குக்கு இறங்குவோம். ஷிஃப்ட் முடிந்து ஐந்து நிமிடம் ஒருவருக்கொருவர் காத்திருப்பது பழகிவிட்டது. உங்கள் யூனிட்டிலும் சொல்லிப் பாருங்கள் தங்கச்சி.

பஃபலோ_பனி

தம்பி, இன்னொன்று. நீங்கள் ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை வீட்டில் வேறு எதற்காவது பயன்படுத்துகிறீர்களா? 2023இல் மட்டும் அமெரிக்க விமானநிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா போட்டவை. பட்டியலில் அட்லாண்டாவுக்கு அடுத்து உங்கள் டாலஸ் விமானநிலையம்தான். பிடிபட்டவர்கள் சொல்வது பெரும்பாலும் 'பையில் இருந்தது மறந்துவிட்டது' என்பதுதான். பகிர்ந்துகொள்ளும் வீட்டில் 'அவர் எடுத்திருப்பார் என்று நினைத்தேன்' என்பதும் சேரும்.

இந்தியா போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. துப்பாக்கி வேண்டாம், ஒரே ஒரு தோட்டா பையில் கிடந்தாலே அங்கே ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் கிடந்தது என்று பிறகு நீதிமன்றம் ரத்து செய்வதுண்டு. ஆனால் அதற்குள் விமானமும் போய், விடுப்பும் போய், வக்கீலோடு அலைய வேண்டியிருக்கும்.

ப்ளேனோவாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பகிர்ந்துகொள்ளும் யோசனையைக் கைவிட்டோம். க்ளாக் என்னோடுதான் இருக்கிறது, வீட்டுக்குள் நுழைந்ததும் ஹோல்ஸ்டரோடு சேஃபுக்குள் போய்விடுகிறது. மேஜைக்கு வருவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை இங்கே எழுதாமல் விட்டது தப்பு. எழுதினால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரிந்ததால்தான் விட்டேன்.

மனைவி யூனிட்டில் பேசி, நான்கு பேராகச் சேர்ந்து இறங்குகிறார்கள். தனியாக வரும் நாளில் பாதுகாப்பு மேசையில் சொன்னால் ஒருவர் கூட வருகிறார். இந்த வசதி முன்பிருந்தே இருந்திருக்கிறது. போன சனிக்கிழமை ஒரு பெண் பயிற்சியாளரிடம் முதல் வகுப்புக்குத் தனியாகப் போய் வந்தார். சொந்தமாக வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, நானும் கேட்கவில்லை.

பஃபலோ அண்ணா சொன்ன பிறகு ரேஞ்ச் பையைக் கவிழ்த்து உதறினேன். பக்கவாட்டு ஜிப்பின் துணி மடிப்பிலிருந்து ஒரு 9 எம்எம் தோட்டா விழுந்தது. டிசம்பரில் சென்னைக்குப் போகும்போது பையனின் துணிகளை வைக்க எடுத்து வைத்திருந்தது அந்தப் பையைத்தான்.